ஊஃபர் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது: ஆல்டர்னேட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஆரூர்க்காரன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2016இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் ஒட்டியுள்ள சீட்டில் 70 ஆம்பியர் என்று இருக்கிறது. மின் இணைப்புகளில் இதுவரை எதையும் மாற்றியதில்லை.

ஆம்ப்ளிஃபையர் எதற்கு வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா தவில் வாசித்தவர். இருபது, முப்பது வருடங்களுக்கு முன் கோயில் திருவிழாக்களில் பதிவான கேசட்டுகள் பதினான்கு வீட்டில் கிடந்தன. போன வருடம் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். காரில் போட்டுக் கேட்டால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரல் சொற்கள் மட்டும் தெளிவாக வந்தன. இடப்பக்கமான தொப்பியில் கோல் விழும் கனத்த அடி வெறும் தட்டலாக, அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் டிக்கியில் கனத்த ஒலிகளுக்கான 10 அங்குல ஊஃபர் ஸ்பீக்கரும் அதற்கென ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையரும் பொருத்த முடிவு செய்தேன்.

பெட்டியின் மேல் 1500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருந்த கையேட்டில் 2 ஓமில் 400 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) என்று போட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் 40 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கிறது. பொருத்திக் கொடுத்த கடையே ஒயர், ஃப்யூஸ் எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலத்தையும் போட்டது.

இப்போது சிக்கல். பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. இரவில் ஹெட்லைட் போட்டு, ஏசியும் ஓடினால், ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் மங்கி மங்கி எழுகிறது. போன வெள்ளிக்கிழமை இரவு மன்னார்குடியிலிருந்து திரும்பும்போது சாலையில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். குவியலைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் விழுந்த ஒரு கணத்தில் அந்தக் கல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அப்பாதான் கையைப் பிடித்து இழுத்தார். அன்று அணைத்த செட்டை இன்னும் போடவில்லை.

கடையில் கேட்டால், பெரிய ஆல்டர்னேட்டர், பெரிய பேட்டரி, 1 ஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றும் போட்டால்தான் தீரும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்கும் ஊஃபருக்கும் சேர்த்தே நான் அவ்வளவு செலவு செய்யவில்லை. கம்பெனி கொடுத்த ஆல்டர்னேட்டரை வைத்து இதை ஓட்டவே முடியாதா?

இசைப்பெட்டி:

நண்பரே, மூன்றும் வேண்டாம். கெப்பாசிட்டர் மட்டும் போட்டுப் பாருங்கள். நான் நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். மேலே வோல்டேஜ் காட்டும் எண்களும் உண்டு. திடீரென்று அடி விழும்போது பேட்டரிக்குப் பதில் அது கொடுத்துவிடும்.

பட்டறைக்காரர்:

தம்பி, மதுரையில் 31 வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்தியவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். 22,000 ரூபாய்க்குச் சாமான் சொன்னவர் உங்கள் வண்டியில் எங்காவது மீட்டர் வைத்துப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அந்த எண்களை நீங்கள் இங்கே எழுதியிருப்பீர்கள்.

முதலில் கணக்கு. 1500 வாட் என்பதை மறந்துவிடுங்கள். 40 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 13.5 வோல்டில் தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 540 வாட்தான். உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வர எந்தப் பெட்டியாலும் முடியாது. கையேட்டின் 400 வாட் நம்பக்கூடிய எண். உங்களுடையது டி வகை ஆம்ப்ளிஃபையராக இருந்தால் வாங்குவதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஒலியாகத் தரும். அப்படியானால் 400 வாட் கொடுக்க 500 வாட் வாங்க வேண்டும். அது 37 ஆம்பியர். பழைய ஏபி வகை என்றால் ஏறக்குறைய பாதி சூடாகவே போய்விடும், இதே சத்தத்துக்கு 55 ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

இந்த 37 ஆம்பியரும் முழுச் சத்தத்தில் ஒரே சீரான ஒலி ஓடினால்தான். பாட்டோ தவிலோ அப்படி இருப்பதில்லை. அடி விழும் கணத்தில் ஏறும், அடுத்த கணம் இறங்கிவிடும். சராசரி எடுத்தால் 10 ஆம்பியர் பக்கம்தான் வரும். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 8 ஆம்பியர் போகிறது என்றால் அதைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஓடுகிற வண்டியில் 70 ஆம்பியர் டைனமோவுக்கு இது பாரமே இல்லை. (பட்டறையில் ஆல்டர்னேட்டரை இன்றும் டைனமோ என்றுதான் சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சிக்னலில் நிற்கும்போது கதை வேறு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ அந்த 70ஐக் கொடுக்காது, பாதிதான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஹெட்லைட், ஏசி காற்றாடி, ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாமே கேட்கின்றன. ஆகவே நின்ற இடத்தில் சத்தத்தைக் குறையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஊஃபர் கேட்கவே கேட்காதீர்கள். 35 ஆம்பியர்-மணி பேட்டரி வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்தது. அதைப் பாதி வரை இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் போய்விடும்.

ஆனால் உங்களுக்கு ஓடும்போதே மங்குகிறது என்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஒயர் மேலும் எர்த் மேலும் (மின்சாரம் பாடி இரும்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) சந்தேகம். இப்படிப் பாருங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். இன்ஜின் ஓட்டத்தில், ஹெட்லைட், ஏசி போட்டு, பாட்டில்லாமல் பேட்டரியின் இரு முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால் டைனமோ நலம். பிறகு கைப்பேசியில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்து, நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில் பத்து விநாடி மட்டும் ஓடவிடுங்கள். அதற்குமேல் வேண்டாம், ஊஃபர் சுருள் சூடாகிவிடும். துடித்துக்கொண்டே இருக்கும் பாட்டை வைத்து அளந்தால் மீட்டரால் பிடிக்க முடியாது. அந்தப் பத்துப் பத்து விநாடிகளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பேட்டரியில் எவ்வளவு, ஆம்ப்ளிஃபையர் முனையில் எவ்வளவு. அடுத்து, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றொன்றை ஆம்ப்ளிஃபையரின் பிளஸ்ஸிலும் வைத்து, ஒயரிலேயே எவ்வளவு தொலைகிறது என்று பாருங்கள். நீளம் போதாவிட்டால் எந்த மெல்லிய ஒயரையும் முள்ளோடு சேர்த்துக்கொள்ளலாம். மைனஸ் பக்கத்தை இரண்டாகப் பிரித்து அளக்க வேண்டும். பேட்டரி மைனஸிலிருந்து பானெட்டுக்குள் இருக்கும் பாடி இரும்புக்கு ஒன்று, டிக்கியில் பாடி இரும்பிலிருந்து ஆம்ப்ளிஃபையர் மைனஸுக்கு ஒன்று.

கூடவே இரண்டு காரியம். அந்தப் பொட்டலத்து ஒயரின் நுனியைக் கத்தியால் சுரண்டி, உள்ளே வரை செம்புதானா, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சா என்று பார்த்து எழுதுங்கள். ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

மின்பொறி:

பட்டறைக்காரர் ஐயா சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. கெப்பாசிட்டர் பற்றி மட்டும் கணக்காகச் சொல்கிறேன், இசைப்பெட்டி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1 ஃபாரட் கெப்பாசிட்டர் 13.5 வோல்டிலிருந்து 12 வோல்டுக்கு இறங்கும்போது வெளியே தருவது ஏறக்குறைய 19 ஜூல். ஆம்ப்ளிஃபையர் விநாடிக்கு 500 ஜூல் கேட்கிறது. ஆக, ஒரு விநாடியை இருபத்தைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் அது தாங்கும். அடுத்த அடி விழுவதற்குள் அதே ஆல்டர்னேட்டர்தான் அதை மறுபடி நிரப்பவும் வேண்டும். இணைப்பில் பழுது இருக்கும்போது கெப்பாசிட்டரைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியும் துடிப்பு சற்று மழுங்கும், பழுது அப்படியே இருக்கும். மழுங்குவதே இதில் ஆபத்து என்று நினைக்கிறேன், ஏனென்றால் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

இன்னொன்று. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழும். அதனால் மீட்டரில் சிறிதாகத் தெரியும் இறக்கத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆரூர்க்காரன்:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இதிலேயே இருந்தேன். அப்பா டிக்கிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களை எழுதிக்கொடுத்தார்.

பாட்டில்லாமல் பேட்டரியில் 13.9. ஒலி ஓடும்போது பேட்டரியில் 13.3. ஆம்ப்ளிஃபையர் முனையில் 11.2. எண்ணைப் பார்த்ததும் மீட்டர்மேல்தான் சந்தேகப்பட்டேன், மூன்று முறை அளந்தும் அதுவேதான்.

பிளஸ் ஒயரில் தொலைவது 1.0 வோல்ட். பேட்டரி மைனஸிலிருந்து பானெட்டுக்குள் பாடிக்கு 0.8. டிக்கியில் பாடியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு 0.3. கூட்டினால் 2.1, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஒயரைச் சுரண்டினேன். வெளியே செம்பு நிறம், இரண்டு இழுப்பில் வெள்ளையாகிவிட்டது. 8 கேஜ் என்று அச்சிட்ட அந்த ஒயர் பார்வைக்குத் தடிமனாக இருக்கிறது. உறையை உரித்தால் உள்ளே பாதிகூட இல்லை, மீதி எல்லாம் பிளாஸ்டிக். ஃப்யூஸ் டிக்கியில், ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. எர்த் ஒயரை ஸ்டெப்னி பள்ளத்தின் ஓரத்தில் பெயின்ட் மேலேயே ஒரு தகர ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

பட்டறைக்காரர்:

தம்பி, முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் போய், பேட்டரி முனையிலிருந்து அந்தப் பிளஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆம்ப்ளிஃபையருக்கு அதன் உடம்பிலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் ஒயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உங்கள் இருக்கைக்குக் கீழே ஓடுகிறது. எங்கள் பட்டறைக்கு ஒருமுறை ஒரு வேனைக் கட்டியிழுத்து வந்தார்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடவில்லை. தகட்டு விளிம்பு ஆறு மாதமாக ஆட்டத்தில் உறையை அறுத்து, ஒருநாள் செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. ஃப்யூஸ் டிக்கியில் நல்லபடியாக இருந்தது. அது உருகவே இல்லை, ஏனென்றால் மின்சாரம் அதுவரை போகவில்லை. கால்மிதியும் கம்பளமும் எரிந்து, டாஷ்போர்டு உருகித் தொங்கியது. ஓட்டியவர் குதித்துத் தப்பினார். அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது உங்கள் எண்கள். 13.9 என்றால் டைனமோ நலம். அதைத் தொட வேண்டாம். ஹெட்லைட் மங்குவதன் பெரும்பங்கு அந்த 0.8இல் இருக்கிறது. ஹெட்லைட்டின் எர்த்தும் பாடிதான், ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் பாடிதான். இரண்டும் ஒரே வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும், அந்த வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் பாடியோடு சேரும் குட்டி ஒயரின் போல்ட்டைக் கழற்றுங்கள். துருவோ வெள்ளைப் பூவோ நிச்சயம் இருக்கும். உங்கள் பக்கம் கடல் காற்றும் உண்டு, வயல் ஈரமும் உண்டு.

செய்ய வேண்டியவை: பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு வேலை தொடங்குங்கள், முடிந்ததும் கடைசியாக மாட்டுங்கள். அந்த போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள், ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்கையும் தேயுங்கள். நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையையும் அப்படியே செய்யுங்கள்.

பிளஸ் ஒயருக்கு 25 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு வெல்டிங் கேபிள் போதும். 4 கேஜைவிடச் சற்றுத் தடிமன், ஆடியோக் கடையில் கேட்காமல் எலக்ட்ரிக்கல் கடையில் வாங்குங்கள், நீளத்துக்குத்தான் விலை, பொட்டலத்தின் படத்துக்கு அல்ல. பானெட்டுக்குள் வரும் பகுதிக்கு நெளிகுழாய் உறை போடுங்கள், துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். போல்ட் வைத்து முறுக்கும் தகட்டு ஃப்யூஸ் 50 ஆம்பியரில் கிடைக்கும். லக்கைச் சுத்தியால் தட்டி ஒட்டவைக்காதீர்கள். கிரிம்ப் செய்யும் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்து அழுத்தி வாங்குங்கள். டிக்கி எர்த்துக்கு அதே தடிமனில் அரை மீட்டருக்குள் ஓர் ஒயர், பெயின்ட் சுரண்டிய தகட்டில், பின்பக்கம் நட் போட்ட போல்ட். துளையிடும் முன் கீழே குனிந்து பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கவே வேண்டாம், அது உயிர் காக்கும் போல்ட்.

மின்பொறி:

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், ஒரு சேர்க்கை. சில வண்டிகளில் பேட்டரி மைனஸ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அதில் ஆம்ப்ளிஃபையர் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் அந்த மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது, சார்ஜ் குழம்பும். பாடியில்தான் எடுக்க வேண்டும். அவ்வகை வண்டிகள் ஓட்டத்திலேயே வோல்டேஜைத் தாமாகக் குறைக்கும். 12.8 என்று பார்த்தவுடன் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆரூர்க்காரரே, கெயின் திருகை எங்கே வைத்திருக்கிறார்கள்? அது சத்தம் கூட்டும் திருகு அல்ல, செட்டிலிருந்து வரும் ஒலியளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகு. முழுவதும் திருப்பியிருந்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, தேவையில்லாத மின்சாரமும் போகும், சுருளும் கருகும். ஊஃபரைக் கழற்றிவிட்டு, செட்டின் சத்தத்தை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஓட்டி, வெளியீட்டில் ஏசி வோல்டேஜ் பாருங்கள். 400 வாட், 2 ஓம் என்றால் 28 வோல்டைத் தாண்டக் கூடாது. நான் 24இல் நிறுத்துவேன்.

ஆரூர்க்காரன்:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கேபிள் தஞ்சாவூரில்தான் கிடைத்தது. ஐந்தரை மீட்டர் கேபிள், லக், ஃப்யூஸ், உறை எல்லாம் சேர்த்து 2,450 ரூபாய்.

ஐயா சொன்ன அந்த போல்ட் பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்தது. ஸ்பேனர் வைத்ததும் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. லக்குக்கும் பாடிக்கும் நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு படலம் காய்ந்த பாலாடைபோல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, உப்புத்தாள் மூன்று துண்டு தீர்ந்தது. கெயின் முழுவதும் திருப்பித்தான் இருந்தது. 24 வோல்டுக்கு இறக்கினேன். ஊஃபர் முன்பைவிடக் குறைவாக உறுமுகிறது, ஆனால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும் என்பதால், கெயினைத் தொடும் முன் அளந்தவை இவை. பேட்டரியில் 13.4, ஆம்ப்ளிஃபையரில் 13.1. மூன்று இடங்களிலும் சேர்த்து 0.3தான் தொலைகிறது.

நேற்று இரவு அதே சாலையில், அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக்கொண்டு போய் வந்தோம். நகர்ப்புற விளக்குகள் முடிந்தபின் வேண்டுமென்றே பார்த்தேன். சாலையில் விழும் வெளிச்சத்தின் விளிம்பு அசையவில்லை. கொரடாச்சேரி தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தபோது, இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில், மிக இலேசாக ஒரு துடிப்பு தெரிந்தது. சத்தத்தைக் குறைத்தேன், நின்றுவிட்டது.

கேட்டில் நிற்கும்போது அப்பா அந்தப் பகுதியை மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டுவிட்டு, “அன்றைக்குச் சாயங்காலம் மழை. தோல் ஈரம் வாங்கித் தொப்பி இறங்கிப்போயிருந்தது. வார் இழுத்துக் கட்ட நேரமில்லாமல் அப்படியே வாசித்தேன். இதில் அது கேட்கிறது பார்” என்றார். இத்தனை வருடம் நான் கேட்ட கேசட்டில் அது இருந்ததே எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். இன்ஜினை ரேஸ் செய்தால் ஊஃபரில் மெல்லிய ‘ஙொய்’ என்ற ஒலி ஏறி இறங்குகிறது. இது எதனால்?

பட்டறைக்காரர்:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தம்பி.

அது டைனமோ ஒலி. செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் ஆடியோ ஒயரைப் புதுக் கேபிளோடு சேர்த்துக் கட்டி ஒரே பக்கமாக ஓட்டியிருப்பீர்கள். கேபிள் வலது பக்கம் போனால் ஆடியோ ஒயரை இடது பக்கக் கதவோரமாகக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோல் நேர்குறுக்காகக் கடக்கட்டும். அப்போதும் கேட்டால், செட்டின் எர்த் எங்கே எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், எழுதுங்கள்.

ஒரு மாதம் கழித்து எல்லா லக் போல்ட்டுகளையும் ஸ்பேனர் வைத்து இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். புதுச் செம்பு அழுத்தத்தில் சற்று உட்காரும், போல்ட் சற்று இளகியிருக்கலாம்.